குளோரின் போட்டாச்சு, அது இன்னும் இருக்கிறதா?

நீச்சல் குளத்தில் குழந்தையை இறக்கத் தயங்குகிறவர்கள்கூட நீர் விளையாட்டுத் திடலில் யோசிக்காமல் இறக்கிவிடுவார்கள். தரையிலிருந்து பீறிடும் தாரை, தலைக்கு மேல் கவிழும் வாளி, வளையத்திலிருந்து தூவும் சாரல் என்று எல்லாம் இருக்கும். ஆனால் எங்கேயும் கணுக்கால் அளவுக்குக்கூடத் தண்ணீர் தேங்காது. மூழ்கிவிடுவார்களோ என்ற பயம் இல்லை. அதனாலேயே வேறு பயமும் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

இத்தோடு இரண்டு நம்பிக்கைகள் சேர்ந்துகொள்கின்றன. "ஓடுற தண்ணி அழுக்காகாது" என்பது ஒன்று. "குளோரின் போட்டாச்சு" என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலான திடல்களுக்குப் பொருந்தாது. இரண்டாவது உண்மையாகவே இருந்தாலும் அதனால் பெரிய பயனில்லை. காலையில் எவ்வளவு போட்டோம் என்பதை விட இந்த நிமிடம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் முக்கியம். இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் பராமரிப்பில் முக்கால் பங்கு புரிந்த மாதிரி.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

திடல்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் குடிநீர்க் குழாயிலிருந்து வரும் தண்ணீர் ஒரே ஒரு முறை பீய்ச்சி, நேராக வடிகாலுக்குப் போய்விடும். குளிக்கும்போது ஷவர் தண்ணீர் போவது போலத்தான். சுகாதாரக் கணக்கில் இது எளிது. தண்ணீர்ச் செலவுக் கணக்கில்தான் கட்டுப்படியாகாது.

இரண்டாவது வகையில், கீழே விழுந்த தண்ணீர் கிராதி வழியாகத் தரைக்கு அடியில் உள்ள ஒரு தொட்டிக்குப் போகிறது. பம்ப் அதையே இழுத்து, வடிகட்டி, மறுபடி மேலே பீய்ச்சுகிறது. இதற்கு மறுசுழற்சித் திடல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். குழந்தையின் தலையில் கொட்டிய தண்ணீர் சில நிமிடங்களில் இன்னொரு குழந்தையின் வாய்க்குப் போகிறது. கண்ணுக்கு அருவி மாதிரித் தெரிந்தாலும் உள்ளே நடப்பது ஒரே வாளித் தண்ணீரில் ஐம்பது பேர் மாறி மாறிக் குளிப்பது.

குழந்தைகள் அங்கே செய்வதையும் கவனியுங்கள். தாரையின் மேல் உட்காருவார்கள். வாயைத் திறந்து குடிப்பார்கள். டயப்பர் கட்டிய சிறுசு நேராகத் தாரையின் மேல் போய் நிற்கும். தாரை அடியைக் கழுவிவிடும், கழுவின தண்ணீர் தொட்டிக்குப் போகும். நீச்சல் டயப்பர் போட்டிருந்தால் கெட்டியானது ஓரளவு தங்கும், தண்ணீராகப் போனது தங்காது.

வாளியும் குளமும்

ஒரு துளி மையைக் குளத்தில் விட்டால் தெரியாது, வாளியில் விட்டால் நிறம் மாறிவிடும். மறுசுழற்சித் திடலின் அடிப்படைச் சிக்கல் இதுதான்.

25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் உள்ள ஒரு நீச்சல் குளத்தில் சுமார் 4,70,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். நடுத்தரத் திடல் ஒன்றின் தொட்டி 10,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

குளோரினின் அளவை பிபிஎம் என்பார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று பொருள். நடைமுறையில் 1,000 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் இருந்தால் 1 பிபிஎம். இப்போது 2 பிபிஎம் வைத்திருக்கிறோம் என்றால் அந்தக் குளத்தில் மொத்தம் 940 கிராம் குளோரின் இருக்கிறது. நம் தொட்டியில் இருப்பது 20 கிராம்.

இருபதே கிராம். வியர்வை, சிறுநீர், சன்ஸ்கிரீன், காலில் ஒட்டிய மண், பறவை எச்சம் எல்லாவற்றோடும் மோதிப் பார்க்க இவ்வளவுதான் கையிருப்பு. குளத்தில் காலை அளந்தால் மதியம் வரை தாங்கும். திடலில் பத்து மணிக்கு நன்றாக இருந்த தண்ணீர், கூட்டமான நாளில் பதினொன்றரைக்குள் பூஜ்யத்துக்கு வந்துவிடலாம்.

அதோடு சாரலும் வெயிலும் சேர்கின்றன. தண்ணீரைப் பொடித்துளியாக்கிக் காற்றில் எறிந்தால் அதிலுள்ள குளோரின் ஆவியாகிப் போவது கூடுகிறது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் மிச்சத்தைச் சிதைக்கிறது. நீச்சல் குளங்களில் வெயிலிலிருந்து குளோரினைக் காக்க சயனூரிக் அமிலம் என்ற நிலைநிறுத்தியைச் சேர்ப்பது உண்டு. திடலில் அது வேண்டாம். அது குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். இங்கே நமக்கு வேண்டியது வேகம். சில குளோரின் மாத்திரைகளில் அது ஏற்கெனவே கலந்தே வரும் என்பதால் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இதுவரை பார்த்தது: பெரும்பாலான திடல்களில் ஒரே தண்ணீர்தான் சுற்றி வருகிறது. தொட்டி சிறியது, அழுக்கு அதிகம். குளோரின் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சோப்புத் தண்ணீர்க் கணக்கு

ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்துத் துணி துவைக்கிறோம். முதல் இரண்டு துணிக்கு நன்றாக நுரைக்கும். ஐந்தாவது துணிக்கு நுரையே வராது. போட்ட சோப்பு வாளியை விட்டு எங்கும் போகவில்லை. ஆனால் அது அழுக்கைப் பிடித்துக்கொண்டுவிட்டது, புதிய அழுக்கைப் பிடிக்க அதற்குக் கை காலி இல்லை.

குளோரினும் அப்படித்தான். தண்ணீரில் வேலைக்குத் தயாராக இருக்கும் பங்கு தனிக் குளோரின். வியர்வை, சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா, யூரியா வகைப் பொருள்களோடு கூடிக் கட்டுப்பட்டுவிட்ட பங்கு கூட்டுக் குளோரின். இரண்டையும் சேர்த்தது மொத்தக் குளோரின். கிருமியைக் கொல்வது கிட்டத்தட்ட முழுக்கவே தனிக் குளோரினின் வேலை.

இங்கேதான் ஊரறிந்த ஒரு தப்பு இருக்கிறது. மூக்கைத் துளைக்கும் வாசனை வந்தால் "குளோரின் நிறையப் போட்டிருக்கிறார்கள், சுத்தமான தண்ணீர்" என்கிறோம். அந்த நெடி பெரும்பாலும் கூட்டுக் குளோரினுடையது. கண் எரிச்சலும் அதனால்தான். அழுக்கு அதிகமாகி, குளோரின் அதனிடம் சிக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. சரியாகப் பராமரிக்கும் திடலில் வாசனை லேசாகத்தான் இருக்கும்.

தனிக் குளோரின் எவ்வளவு வேண்டும்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 1 பிபிஎம். அது தரை, அதற்குக் கீழே எந்த நிமிடத்திலும் போகக் கூடாது. அதனால் 1-ஐக் குறியாக வைத்து ஓட்டுவது மடத்தனம். 2 முதல் 3-க்குள் வைத்துக்கொண்டால்தான் திடீரென ஒரு பள்ளிக்கூட பஸ் வந்து நின்றாலும் சமாளிக்கலாம். கூட்டுக் குளோரின் 0.4 பிபிஎம்மைத் தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும்.

என்ன செய்வது? பாடப்புத்தகம் சொல்லும் வழி, கூட்டுக் குளோரினைப் போலப் பத்து மடங்கு குளோரினை ஒரே மூச்சில் சேர்த்து அந்தக் கட்டை உடைப்பது. கூட்டு அளவு 0.7 என்றால் 7 பிபிஎம். நம் 10,000 லிட்டருக்கு 70 கிராம் குளோரின், 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் சுமார் 108 கிராம். திடலை மூடிய பிறகு இரவில் செய்ய வேண்டும், அளவு இறங்கின பிறகே திறக்க வேண்டும். அரைகுறையாகப் போட்டால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் போட்டதும் போய் ஒட்டிக்கொள்ளும். தொட்டி இவ்வளவு சிறியதாக இருக்கும்போது நான் சிபாரிசு செய்வது வேறு: பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதிதாக நிரப்புங்கள். வேலையும் குறைவு, பலனும் நிச்சயம்.

பிஎச்: அதே குளோரின், பாதி பலம்

தண்ணீரின் புளிப்பு–கார நிலையைச் சொல்லும் எண் பிஎச். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்.

தனிக் குளோரின் தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கிறது. ஒன்று வேகமாகக் கொல்லும், மற்றொன்று பல மடங்கு சோம்பேறி. எது எவ்வளவு என்பதை பிஎச்தான் தீர்மானிக்கிறது. பிஎச் 7.0-இல் ஏறக்குறைய முக்கால் பங்கு வேகமான உருவத்தில் இருக்கும். 7.5-இல் பாதி. 8.0-இல் கால் பங்குகூடத் தேறாது. சோதனைக் கருவி இரண்டையும் சேர்த்தே காட்டும் என்பதுதான் வம்பு. பிஎச் 8.0-இல் "2 பிபிஎம்" என்று கருவி சொன்னால், உருப்படியாக வேலை செய்வது அரை பிபிஎம் அளவுதான்.

அந்த பிஎச் திடலில் தானாகவே மேலே ஏறும். சாரலாகத் தெறிக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. அது போனால் புளிப்பு குறையும், பிஎச் ஏறும். திரவக் குளோரின் என்று ஊற்றுகிற சோடியம் ஹைப்போகுளோரைட்டும் காரம்தான். இரண்டும் சேர்ந்து தள்ளுவதால் திடலில் அமிலச் செலவு எதிர்பார்ப்பதை விட அதிகமாகவே இருக்கும். 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். 7.8-ஐத் தாண்ட விடாதீர்கள்.

அளவு குறைகிறதே என்று குளோரினை மட்டும் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே போவது பலர் செய்யும் தவறு. திரவக் குளோரின் ஊற்ற ஊற்ற பிஎச் ஏறும், ஏற ஏறக் குளோரின் பலமிழக்கும். முதலில் பிஎச்சைச் சரிசெய்துவிட்டுக் குளோரினைத் தொடுங்கள்.

சுருக்கமாக: நமக்கு வேண்டிய எண் தனிக் குளோரின், மொத்தக் குளோரின் அல்ல. அந்த எண்ணையும் பிஎச்சோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அளப்பது எப்படி, எங்கே ஏமாறுவோம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பல இடங்களில் தப்பு நடப்பது மருந்து போடுவதில் அல்ல, அளப்பதில்.

மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்துச் சோதனை பழையது, மலிவானது. அது காட்டுவது மொத்தக் குளோரின். நம் வேலைக்கு அது உதவாது. வேண்டியது இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி சோதனை.

குப்பியை முதலில் தொட்டித் தண்ணீராலேயே இரண்டு முறை அலசுங்கள். 10 மில்லி கோடு வரை நிரப்புங்கள். டிபிடி 1-ஆம் எண் மாத்திரையைக் கையால் தொடாமல் உறையிலிருந்து நேராகக் குப்பியில் போட்டு, சுத்தமான குச்சியால் நசுக்கிக் கரையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறத்தைப் படியுங்கள். அது தனிக் குளோரின். 1.4 என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரைக் கொட்டாமல் அதே குப்பியில் 3-ஆம் எண் மாத்திரையைப் போட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். நிறம் கூடும். அது மொத்தம், 2.1 என்று வைப்போம். கழித்தால் கூட்டுக் குளோரின் 0.7. வரம்பைத் தாண்டிவிட்டது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. குளோரின் மிக அதிகமாக, அதாவது 10 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் அந்த இளஞ்சிவப்பு நிறத்தையே அது வெளுத்துவிடும். குப்பி தெள்ளத் தெளிவாக இருக்கும், பார்க்கிறவர் "குளோரினே இல்லை" என்று இன்னும் ஊற்றுவார். மாத்திரை கரையும் அந்த முதல் நொடியில் உற்றுப் பாருங்கள். சட்டென ஒரு சிவப்பு மின்னி மறைந்தால் அது வெளுத்த அறிகுறி. ஒரு பங்கு தொட்டித் தண்ணீருக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மறுபடி அளந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்.

தண்ணீரை எங்கே எடுக்கிறோம் என்பதும் முக்கியம். மருந்து விழும் குழாய்க்குப் பக்கத்தில் எடுத்தால் எப்போதும் நல்ல எண்தான் வரும். தொட்டியில் ஒன்று, குழந்தைகள் நிற்கும் தாரை ஒன்றிலிருந்து மற்றொன்று என்று இரண்டு இடத்தில் எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் எங்கோ சுற்று சரியாக ஓடவில்லை.

திறக்கும் முன் ஒரு முறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கையால் அளக்க வேண்டும். தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். ஆனால் கருவி இருக்கிறதே என்று கையால் அளப்பதை நிறுத்திவிடக் கூடாது. கருவியின் உணர்முனைக்குப் போகும் சின்னக் குழாய் அடைத்துக்கொண்டால், அங்கே தேங்கிய தண்ணீரில் குளோரின் செத்துப் போகும். கருவி அதைப் பார்த்துத் தொட்டி முழுவதும் காலி என்று நினைத்து மருந்தை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு ரகசியக் கசிவு: தொட்டியின் மிதவை வால்வு கெட்டுப்போய்ப் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்து, வழிந்து ஓடிக்கொண்டே இருக்கும். யாருக்கும் தெரியாது. "எவ்வளவு குளோரின் போட்டாலும் நிற்கமாட்டேன் என்கிறது" என்று புலம்புகிறவர்கள் முதலில் தண்ணீர் மீட்டரைப் பார்க்க வேண்டும். மருந்துக் கேனின் தேதியையும் பார்க்கலாம். திரவக் குளோரின் வெக்கையில் வாரங்கள் இருந்தாலே வலு இழந்துவிடும்.

குளோரினுக்குச் சாகாத ஒன்று

1 பிபிஎம் தனிக் குளோரினில், பிஎச் 7.5, 25 டிகிரி வெப்பத்தில், ஈ.கோலை பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் சாகும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணிக்கு 45 நிமிடம் ஆகும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற மற்றொரு ஒட்டுண்ணிக்குப் பத்து நாளுக்கு மேல்.

நாள்தான், எழுத்துப் பிழை இல்லை. அதன் முட்டை போன்ற உறையின் ஓடு அவ்வளவு கெட்டி. விளைவு, வாரக்கணக்கில் நீளக்கூடிய வயிற்றுப்போக்கு. 2005-இல் நியூயார்க் மாநிலத்தின் பூங்கா ஒன்றிலிருந்த நீர் விளையாட்டுத் திடலால் ஆயிரக்கணக்கானோருக்கு இது வந்தது. அமெரிக்காவில் 1997 முதல் 2022 வரை திடல்களோடு தொடர்புடையதாகப் பதிவான 60 நோய்ப் பரவல்களில் 10,611 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவற்றில் 40 பரவல்களில் இந்தக் கிரிப்டோவுக்குப் பங்கு இருந்தது உறுதியானது.

வடிகட்டி பிடிக்காதா? அந்த உறை 4 முதல் 6 மைக்ரான் அளவு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). மணல் வடிகட்டி சாதாரணமாகப் பிடிப்பது அதை விடப் பல மடங்கு பெரிய துகள்களை. ஆகவே மணல் மட்டும் போதாது. இதற்கு உள்ள வழி புற ஊதா விளக்கு. குழாயின் வழியில் விளக்கு அறை ஒன்றை வைத்து, தாரைக்குப் போகும் தண்ணீர் அதைக் கடந்தே போகும்படி செய்வார்கள். ஒளி உறைக்குள் புகுந்து ஒட்டுண்ணியைப் பெருக முடியாமல் ஆக்கிவிடும். இங்கேயும் இரண்டு எச்சரிக்கை. விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. கண்ணாடி உறையில் சுண்ணாம்புப் படிவு ஏறினால் ஒளி வெளியே வராது, அதனால் உணர்கருவி காட்டும் அளவைப் பாருங்கள். மற்றது, புற ஊதா தன்னைக் கடக்கும் தண்ணீரை மட்டுமே சுத்தம் செய்யும், தண்ணீரில் எதையும் விட்டுவைக்காது. ஒரு குழந்தையிடமிருந்து பக்கத்துக் குழந்தைக்குப் போவதைத் தடுக்கக் குளோரின்தான் வேண்டும்.

வடிகட்டி தன் வேலையைச் செய்ய, தொட்டித் தண்ணீர் அரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று வர வேண்டும். 10,000 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 20,000 லிட்டர் தள்ளும் பம்ப். (ஒரு சுற்று என்றால் எல்லாத் துளியும் வடிகட்டியைப் பார்த்துவிட்டது என்று அர்த்தமில்லை. வடிந்ததும் வடியாததும் கலந்துகொண்டே இருப்பதால் ஒரு சுற்றில் சுமார் 63 சதவீதம்தான் உள்ளே போய் வரும். அதனால்தான் திடல் மூடியிருக்கும் இரவிலும் வடிகட்டிப் பம்ப் ஓட வேண்டும்.) வடிகட்டியின் அழுத்தமானி, கழுவிய நிலையில் காட்டியதை விட 0.5 முதல் 0.7 பார் (அழுத்த அலகு) வரை கூடினால் தண்ணீரைத் தலைகீழாக ஓட்டிக் கழுவுங்கள். கழுவிய தண்ணீர் சாக்கடைக்குத்தான் போக வேண்டும், தொட்டிக்கு அல்ல.

குழந்தை மலம் கழித்துவிட்டால்

கூச்சப்பட்டு மறைக்கிற விஷயம் இது. மறைக்காமல் உடனே தாரைகளை நிறுத்தி, எல்லோரையும் வெளியேற்றுங்கள்.

கெட்டியாக இருந்தால் அள்ளி அகற்றிவிட்டு, தனிக் குளோரின் 2 பிபிஎம், பிஎச் 7.5 அல்லது அதற்குக் கீழே வைத்து 25 நிமிடம் ஓட்டினால் போதும்.

வயிற்றுப்போக்கு என்றால் கிரிப்டோ இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்கு இது: பிபிஎம்மை நிமிடத்தால் பெருக்கினால் 15,300 வர வேண்டும். 20 பிபிஎம் வைத்தால் 765 நிமிடம், அதாவது 12 மணி 45 நிமிடம். நம் தொட்டியில் 20 பிபிஎம் கொண்டுவர 200 கிராம் குளோரின், 65 சதவீதத் தூளில் சுமார் 308 கிராம். பிஎச் 7.5-ஐத் தாண்டக் கூடாது. தண்ணீரில் சயனூரிக் அமிலம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். திடலைச் சுற்றிக் கயிறு கட்டி ஆளை வெளியே வைத்துவிட்டு, நடுவே தாரைகளையும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் தொட்டி சுத்தமாகும், குழாய்கள் பழையபடி இருக்கும். முடிந்ததும் வடிகட்டியைக் கழுவி அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுங்கள். குளோரின் வழக்கமான அளவுக்கு இறங்கிய பிறகு திறக்கலாம். 20 பிபிஎம்மில் டிபிடி வெளுத்துவிடும் என்று மேலே சொன்னதை இங்கே நினைவில் வையுங்கள்.

பம்ப் நின்றபோது மருந்து நிற்கவில்லை என்றால்

தண்ணீரால் வரும் நோயை விட வேகமாக ஆளைச் சாய்க்கக்கூடிய ஆபத்து இது ஒன்றுதான்.

திடலின் இயந்திர அறையில் இரண்டு சின்ன மருந்துப் பம்புகள் இருக்கும். ஒன்று திரவக் குளோரினைச் சொட்டும், மற்றொன்று அமிலத்தை. ஓடுகிற தண்ணீரில் கலப்பதால் ஒன்றோடொன்று மோதாது. மின்சாரம் தடுமாறியோ அடைப்பாலோ பெரிய பம்ப் நின்றுவிட்டது, சின்னவை நிற்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அசையாத குழாய்க்குள் அமிலமும் குளோரினும் நேருக்கு நேர் சேரும். உருவாவது குளோரின் வாயு. யாரோ வந்து பெரிய பம்பைத் திரும்பப் போட்டதும், அது குழந்தைகள் நிற்கும் தாரை வழியாகப் புஸ்ஸென்று வெளியே வரும். மூச்சு முட்டும், இருமல் நிற்காது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

தடுக்க, பெரிய பம்ப் நின்றால் சின்னவற்றுக்கு மின்சாரமே போகாதபடி இணைப்பு வேண்டும். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஓட்டச் சுவிட்சும் வேண்டும். இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்காமல் வாரம் ஒரு முறை, திடலில் ஆளில்லாதபோது, பெரிய பம்பைக் கையால் நிறுத்திப் பாருங்கள். இரண்டு மருந்துப் பம்பும் அந்தக் கணமே நிற்க வேண்டும். நின்ற பம்பை எப்போது மீண்டும் போட்டாலும் தாரைப் பக்கம் ஒருவரும் இருக்கக் கூடாது.

அறைக்குள் அமிலமும் குளோரினும் தனித்தனி இடத்தில், தனித்தனித் தட்டில். ஒரு குவளையை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். குளோரின் தூளில் இரண்டு வகையைக் கலந்தால் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடும். கரைக்கும்போது தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

தரை, தாரை, மழை

தரையில் வழுக்கும் பசை படர்ந்தால் அது வெறும் பாசி அல்ல, கிருமிகள் குடியிருக்கும் படலம். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்க்கும் முன் வடிகால் வால்வைச் சாக்கடைப் பக்கம் திருப்புங்கள். திருப்ப மறந்தால் அத்தனை அழுக்கும் சோப்பும் தொட்டிக்குப் போகும். மழை பெய்யும்போதும் இதே வால்வுதான். முதல் மழை சுற்றுப்புற மண்ணையும் எச்சத்தையும் வாரிக்கொண்டு வரும். வேலை முடிந்து அதைத் திருப்பி வைக்க மறந்தால் தொட்டி வற்றிப் பம்ப் காற்றை இழுக்கும். அதனால் வால்வின் கைப்பிடியிலேயே ஒரு அட்டையைத் தொங்கவிடுவது நல்லது.

தாரை வரும் ஒவ்வொரு நாசிலையும் காலையில் விரலால் தடவிப் பாருங்கள். மூடி உடைந்திருந்தால் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், தாரையும் குறுகிக் கண்ணைத் தாக்கும் வேகத்தில் வரும். கிராதியின் திருகாணி ஒன்று கழன்றாலும் அன்றைக்குத் திறக்க வேண்டாம். கிராதி இலையால் அடைத்துத் தண்ணீர் தேங்கினால், "மூழ்கும் பயமில்லை" என்று ஆரம்பத்தில் சொன்னது பொய்யாகிவிடும். தவழும் குழந்தைக்குச் சில அங்குலமே போதும். மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள்.

சில நாள் மூடிக்கிடந்த திடலைச் சட்டென்று திறக்காதீர்கள். குழாயில் தேங்கி வெதுவெதுப்பான தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். சாரலாகத் தெறிக்கும்போது அது மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போகும். ஒரு தடவை மட்டும் பீய்ச்சும் முதல் வகைத் திடலுக்கும் இது பொருந்தும். ஆளில்லாமல் எல்லாக் குழாயையும் அலசி, தாரையில் குளோரின் அளந்துவிட்டுத் திறங்கள்.

பதிவேட்டைக் கேளுங்கள்

பெற்றோராக நீங்கள் குப்பியும் மாத்திரையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. நேரம், தனிக் குளோரின், கூட்டுக் குளோரின், பிஎச் எழுதிய பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எல்லா வரியிலும் 2.0, 7.4 என்று ஒரே எண் இருந்தால் அது நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுதியது. உண்மையாக அளந்த பதிவேடு ஏறி இறங்கும்: காலை ஒன்பதுக்கு 2.6, பதினொன்றுக்கு 1.7, ஒன்றுக்கு 1.1, பக்கத்திலேயே "மருந்து கூட்டியது, 1.40-க்கு மறுபடி அளந்தது 2.3" என்று வேறு மையில் ஒரு குறிப்பு.